அமெரிக்க இளங்கலைத் தத்துவப் படிப்பில் ஆனர்ஸ் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

'ஆனர்ஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் என்பது முதல் நாளே சேர்ந்துவிடும் படிப்பின் பெயர். பிரிட்டனில் இளங்கலைப் பட்டங்களில் பெரும்பாலானவை ஆனர்ஸ் பட்டங்களே. அதற்குள்தான் 70-உம் அதற்கு மேலும் வாங்கியவருக்கு முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை வாங்கியவருக்கு மேல் இரண்டாம் வகுப்பு என்று பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுத்த எல்லாரும் ஒரே பட்டத்தைத்தான் வாங்குகிறார்கள். ஆனர்ஸ் என்பது அந்தப் பட்டத்தின் மேல், விரும்பியவர் விண்ணப்பித்து, தனியாக உழைத்துப் பெறும் சிறப்பு. இந்த வழிகாட்டி அங்கே படிக்கும் மாணவர்களுக்காகவும், "பிள்ளை ஏதோ தீசிஸ் எழுதுகிறேன் என்கிறானே, அது எதற்கு?" என்று தொலைபேசியில் கேட்கும் பெற்றோர்களுக்காகவும் எழுதப்படுகிறது. இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஆனர்ஸ் நான்காம் ஆண்டின் ஏப்ரலில் கிடைப்பதாகத் தோன்றும்; உண்மையில் அது மூன்றாம் ஆண்டின் பிப்ரவரியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

எந்தச் சிறப்பை யார் தருகிறார்கள்

முதலில் மூன்று வகைகளைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். பட்டமளிப்பு விழாவில் பெயரோடு சேர்த்து வாசிக்கப்படும் 'கும் லாடே', 'மாக்னா கும் லாடே', 'சும்மா கும் லாடே' என்ற லத்தீன் சிறப்புகளைக் கல்லூரி தருகிறது. பல இடங்களில் இவை நான்காண்டு மொத்த மதிப்பெண் சராசரியை மட்டுமே பார்த்துத் தரப்படுகின்றன. இரண்டாவது, துறை தரும் ஆனர்ஸ். தத்துவத் துறையின் பேராசிரியர்கள் உங்கள் ஆய்வேட்டை, அதாவது தீசிஸைப் படித்து, வாய்மொழித் தேர்வு நடத்தி, தகுதி உண்டு என்று முடிவெடுத்த பிறகே அது கிடைக்கும். மூன்றாவது, கௌரவச் சங்கங்களில் உறுப்பினராவது. 1776-இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா கலை, அறிவியல் பாடத்தார் எல்லாருக்கும் உரியது. 1930-இல் தொடங்கிய ஃபை சிக்மா டௌ தத்துவ மாணவர்களுக்கே உரியது. ஃபை பீட்டா கப்பாவுக்கு விண்ணப்பம் கிடையாது, அவர்களே தேர்ந்தெடுத்து அழைப்பார்கள். ஆகவே அதற்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இந்த மூன்றில் இரண்டாவதே நம் பொருள். மேற்படிப்புக்கான தேர்வுக் குழு உற்றுப் பார்ப்பதும் அதையே.

எல்லாக் கல்லூரியும் ஒரே வழியில் போவதில்லை. பிரின்ஸ்டனிலும் ரீட் கல்லூரியிலும் இறுதியாண்டு ஆய்வேடு பொதுவாக எல்லாருக்கும் உரிய கடமை என்பதால், எழுதியதாலேயே சிறப்பு வந்துவிடாது. பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1922 முதல் வேறொரு முறை நடக்கிறது: ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் ஐடெலாட் தலைவராக இருந்தபோது தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாணவர் சிறு கருத்தரங்க வகுப்புகளில் படித்துத் தயாராகிறார், கடைசியில் தேர்வு வைப்பவர்கள் அவருக்குப் பாடம் எடுத்தவர்கள் அல்லர், வெளிக் கல்லூரிகளிலிருந்து வரும் அறிஞர்கள். எனவே உங்கள் துறையின் இணையப் பக்கத்தில் ஆனர்ஸ் விதிகளை முதலாண்டிலேயே ஒருமுறை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்வது பெரும்பாலான துறைகளில் காணப்படும் பொது வழி. உங்கள் துறையின் விதி இதோடு மாறுபட்டால் அதுவே செல்லும்.

முதல் இரண்டு ஆண்டுகள்: சராசரிக் கணக்கு

துறை ஆனர்ஸுக்கு விண்ணப்பிக்கத் தத்துவப் பாடங்களில் குறிப்பிட்ட சராசரி வேண்டும், 4.0 அளவுகோலில் 3.5 என்பது பரவலாகக் காணப்படும் எல்லை, சில துறைகள் இன்னும் மேலே வைக்கின்றன. தத்துவ மாணவர் மூன்றாம் ஆண்டுக்குள் எடுத்திருக்கும் துறைப் பாடங்கள் எட்டோ பத்தோதான் என்பதால், ஒரே ஒரு மோசமான கிரேடு பெரிய சேதம் விளைவிக்கும். ஒன்பது பாடங்களில் ஏ மைனஸும், அதாவது 3.7-உம், ஒன்றில் சி, அதாவது 2.0-உம் வாங்கியவரின் கூட்டுத் தொகை 35.3, பத்தால் வகுத்தால் 3.53. எல்லைக்கோட்டின் மேல் மயிரிழையில் நிற்கிறார். அந்தப் பத்தில் இன்னொன்றும் சி ஆகியிருந்தால் 3.36 ஆகி வாசலிலேயே நிறுத்தப்படுவார்.

அந்த சி பெரும்பாலும் வருவது குறியீட்டு லாஜிக் பாடத்தில். கட்டுரை எழுதத் தெரிந்ததால் தத்துவத்துக்கு வந்தவர்கள், வாரந்தோறும் கணக்குப் போல நிறுவல் பயிற்சி கேட்கும் அந்தப் பாடத்தைத் தள்ளிப்போட்டு, மூன்றாம் ஆண்டில் மற்ற கனமான பாடங்களோடு சேர்த்து எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். முதலாண்டின் இரண்டாம் பருவத்திலோ இரண்டாம் ஆண்டின் முதல் பருவத்திலோ, மற்ற சுமை குறைவாக இருக்கும்போது, அதை முடித்துவிடுங்கள். லாஜிக்கில் பயந்து தேர்ச்சி-தோல்வி முறைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு; அப்படி எடுத்த பாடத்தை முதன்மைப் பாடக் கணக்கில் சேர்க்காத துறைகள் பல என்பதால், படிவத்தில் கையெழுத்திடும் முன் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பண்டைக் கிரேக்கத் தத்துவம், டேகார்ட் முதல் கான்ட் வரையிலான நவீனத் தத்துவம், அறவியல், அறிவாராய்ச்சியியல் ஆகியவற்றை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தொட்டுவிட்டால், மூன்றாம் ஆண்டில் சிறு கருத்தரங்க வகுப்புகளுக்கு இடம் கிடைக்கும். அங்கேதான் ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் நெறியாளர் கிடைப்பார்.

மூன்றாம் ஆண்டு: நெறியாளரைத் தேடுதல்

இருநூறு பேர் அமரும் விரிவுரையில் ஏ வாங்கிய மாணவரைப் பேராசிரியருக்கு நினைவிருக்காது. பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி அமரும் கருத்தரங்கில் ஒரு நல்ல மறுப்பை எழுப்பியவரை நினைவிருக்கும். ஆகவே மூன்றாம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில், நீங்கள் எழுத விரும்பும் துறைப் பிரிவில் ஒரு கருத்தரங்காவது எடுங்கள். பேராசிரியரின் அலுவலக நேரத்துக்கு, அவர் உங்கள் கட்டுரையில் எழுதிய குறிப்புகளோடு போங்கள். "சார், உங்கள் வகுப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்று தொடங்குவதைவிட, "என் இரண்டாவது பக்கத்தில் இந்த முற்கோள் (வாதத்துக்கு அடிப்படையாக வைத்த கூற்று) தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; அதை எடுத்துவிட்டால் முடிவு எப்படி நிற்கும்?" என்று கேட்பது பத்து மடங்கு பயன் தரும். நம் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் அறைக்கதவைத் தட்டுவதில் ஒரு தயக்கம் இருக்கிறது, தொந்தரவு செய்கிறோமோ என்று. அங்கே அந்த நேரம் மாணவருக்கென்றே ஒதுக்கப்பட்டது. போகாமலிருந்தால் ஆர்வமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பிப்ரவரியில் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். கேட்கும்போது ஒரு பக்கக் குறிப்பு கையில் இருக்கட்டும்: எந்தக் கேள்வி, அதில் இதுவரை என்ன படித்தீர்கள், எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்ற மூன்றும் போதும். மறக்காமல் இன்னொன்றையும் கேளுங்கள்: அடுத்த ஆண்டு அவர் ஊரில் இருப்பாரா? அமெரிக்கப் பேராசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு விடுப்பில் போவார்கள்; என் வகுப்புத் தோழி ஒருத்தி மே மாதத்தில்தான் தன் நெறியாளர் அடுத்த ஆண்டு முழுவதும் ஜெர்மனியில் இருக்கப் போகிறார் என்று அறிந்தாள், அதற்குள் மற்றவர்கள் எல்லாரும் தங்களுக்குரிய மாணவர்களை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். புகழ்பெற்ற பெயரைவிட, வரைவைக் கொடுத்தால் பத்து நாளில் குறிப்பெழுதித் திருப்பித் தரும் ஆளே உங்களுக்கு வேண்டியவர். அதை மூத்த மாணவர்களிடம் விசாரித்தால் ஒளிக்காமல் சொல்லுவார்கள்.

கேள்வியைக் குறுக்குதல்

பாதிப் பேர் வழுக்கி விழும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் எல்லாருக்கும் தோன்றும் தலைப்பு பெரியது: "மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டா?", அதாவது தன் செயலைத் தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டா? இதை 50 பக்க ஆய்வேட்டில் தீர்க்க முடியாது, தீர்த்ததாக எழுதினால் படிப்பவர் நம்பமாட்டார். இதை எப்படிப் படிப்படியாகச் சிறிதாக்குவது என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம்.

முதல் குறுக்கல், பொறுப்பு என்ற ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது: ஒருவர் வேறுவிதமாகச் செய்திருக்க முடிந்தால்தான் தன் செயலுக்கு அவர் பொறுப்பாளி ஆவாரா? இந்தக் கொள்கையை 1969-இல் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் ஒரு சிறு கட்டுரையில் தாக்கினார். பிளாக் என்பவர் ஜோன்ஸ் ஒரு செயலைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறார். ஜோன்ஸ் வேறு முடிவுக்குப் போவதற்கான அறிகுறி தெரிந்தால் மட்டும் தலையிட்டு அவரைச் செய்யவைக்கத் தயாராக மறைந்திருக்கிறார். ஆனால் ஜோன்ஸ் தானாகவே அதைச் செய்துவிடுகிறார். பிளாக் விரலைக்கூட அசைக்கவில்லை. ஜோன்ஸுக்கு வேறு வழி இருக்கவில்லை. இருந்தும் பொறுப்பு அவருடையதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது குறுக்கல், இந்தக் கதைக்கு எழுந்த மறுப்புகளில் ஒன்றை மட்டும் பிடிப்பது. டேவிட் வைடர்க்கர் 1995-இல் வைத்த இருதலைக் கேள்வி அப்படிப்பட்டது: பிளாக் கவனிக்கும் அந்த அறிகுறி ஜோன்ஸின் முடிவை உறுதியாக நிர்ணயிக்கிறதா, இல்லையா? நிர்ணயிக்கிறது என்றால், நிர்ணயிக்கப்பட்ட செயலுக்கும் பொறுப்பு உண்டு என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டதாகிறது, விவாதமே அதைப் பற்றித்தானே. நிர்ணயிக்கவில்லை என்றால், ஜோன்ஸ் கடைசிக் கணத்தில் வேறுவிதமாக முடிவெடுத்திருக்கலாம். அப்போது கதையே உடைகிறது.

மூன்றாவது குறுக்கலில்தான் ஆய்வேடு பிறக்கிறது. ஆல்ஃபிரட் மீலியும் டேவிட் ராப்பும் 1998-இல் அறிகுறியே தேவைப்படாத ஒரு கதையை அமைத்தார்கள். அதில் ஒருவரின் சொந்த ஆலோசனையும், வெளியிலிருந்து மூளையில் தொடங்கிவைக்கப்பட்ட ஒரு நிர்ணயமான ஓட்டமும் இணையாக ஓடுகின்றன. அந்த மனிதர் தானாக அந்த முடிவுக்கு வந்தால் அவரது ஆலோசனை மற்ற ஓட்டத்தை முந்திவிடும். வராவிட்டால் மற்றது அதே முடிவைக் கொண்டுவரும். இப்போது கேளுங்கள்: இரண்டும் ஒரே கணத்தில் வந்து சேரும்போது ஒன்று மற்றொன்றை முந்துகிறது என்று அவர்கள் சொல்வது தானே நிற்கும் விளக்கமா, கதை உடையாமலிருக்கப் போட்ட ஒட்டா? இந்தக் கேள்விக்கு 50 பக்கத்தில் உண்மையாகவே ஒரு பதில் சொல்ல முடியும். விளக்கமே என்றும் வாதிடலாம், ஒட்டுத்தான் என்றும் வாதிடலாம், உங்கள் பதிலை மறுப்பவர் எங்கே கைவைப்பார் என்பதையும் முன்கூட்டியே காணலாம்.

குறுகிய கேள்வி என்றால் அற்பமான கேள்வி என்று நினைக்க வேண்டாம். எட்மண்ட் கெட்டியர் 1963-இல் எழுதிய கட்டுரை மூன்றே பக்கம். அறிவு என்பது நியாயப்படுத்தப்பட்ட உண்மையான நம்பிக்கைதானா என்ற ஒரே கேள்வியை இரண்டு எடுத்துக்காட்டுகளால் உலுக்கியது. அறிவாராய்ச்சியியல் அதன்பின் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே ஒரு கூடுதல் வாய்ப்பும் உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் அளவையியல், பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று அனுமானத்தின் பிழைகளை வகைப்படுத்துகிறது. நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு அது நெருங்கிப் போவதை ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கவனித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை நம்பியிராமல் மூலத்தையே கையில் வைத்து எழுதும் இளங்கலை மாணவர் அங்கே அபூர்வம். ஆனால் அதை மதிப்பிடத் தெரிந்தவர் உங்கள் துறையில் ஒருவராவது, அல்லது தெற்காசியத் துறையிலிருந்து, நெறியாளரோடு சேர்ந்து ஆய்வேட்டை மதிப்பிடும் இரண்டாம் வாசகராக வரக்கூடியவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பார்த்த பிறகே அந்தப் பக்கம் போங்கள்.

கோடையும் இலையுதிர் பருவமும்

கோடை விடுமுறையில் எழுத வேண்டியதில்லை, படித்தால் போதும். 1995 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தில் உங்கள் தலைப்புக்குரிய கட்டுரையைப் படித்து, அதன் இறுதியிலுள்ள நூற்பட்டியலிலிருந்து பதினைந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் முற்கோள்களை எண்ணிட்டு எழுதி, எந்த எண்ணை நீங்கள் ஏற்கவில்லை என்று குறித்து வையுங்கள். பின்னால் ஆய்வேட்டின் பாதி அந்தக் குறிப்புகளிலிருந்தே எழும். மனிதர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தும் சோதனைத் தத்துவத்தில் எழுத விரும்புவோர் மட்டும் இப்போதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக்கு முன் ஒருவரிடம்கூடக் கேள்வித்தாளைக் கொடுக்கக் கூடாது.

செப்டம்பரில் ஐந்து பக்க முன்மொழிவும், நவம்பர் இறுதிக்குள் ஒரு முழு அத்தியாயமும் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த நவம்பர்க் கெடுவுக்கு ஒரு காரணம் உண்டு. முனைவர் படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ முடிந்துவிடும். அவற்றில் மிக அதிகமாகப் பார்க்கப்படுவது 15 முதல் 25 பக்கம் வரையிலான எழுத்து மாதிரி. ஆய்வேடு ஏப்ரலில்தானே என்று ஆற அமர எழுதுகிறவர், இரண்டாம் ஆண்டில் எழுதிய ஏதோ ஒரு பழைய கட்டுரையை அனுப்ப வேண்டியதாகிவிடும்.

எழுதும்போது

என் முதல் முழு வரைவு 41 பக்கம் இருந்தது. நெறியாளர் அதைத் திருப்பித் தந்தபோது முதல் 28 பக்கங்களில் ஒரு குறிப்பும் இல்லை. நன்றாக இருக்கிறது போலும் என்று மகிழ்ந்துகொண்டே புரட்டினேன். 29-ஆம் பக்கத்தின் நடுவில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, "உன் ஆய்வேடு இங்கே தொடங்குகிறது" என்று எழுதியிருந்தார். அதுவரை நான் எழுதியிருந்தது அவர் என்ன சொன்னார், இவர் என்ன சொன்னார் என்ற தொகுப்பு. நம் பள்ளிப் படிப்பு நன்றாகப் பழக்கியிருந்த வேலை அது: ஆசிரியர் சொன்னதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லுதல். அந்த 28 பக்கத்தை ஆறாகச் சுருக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஆகவே இரண்டாம் பக்கம் முடிவதற்குள் உங்கள் முடிவு என்ன என்பது ஒரே வாக்கியத்தில் நிற்க வேண்டும். "நான் வாதிடப்போவது இதுதான்" என்று தன்மையில் எழுதுவது அங்கே அடக்கமின்மை ஆகாது. ஆங்கிலத் தத்துவ எழுத்தில் அதுவே மரபு. எதிர்க்கருத்தை, அதைச் சொன்னவரே படித்தால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எழுதிவிட்டுப் பிறகு மறுங்கள். வலுவற்ற எதிரியை வீழ்த்தியதற்கு யாரும் ஆனர்ஸ் தருவதில்லை. சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பற்றி உங்கள் கல்லூரியின் விதியை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விதி அனுமதித்தாலும், அது தரும் மேற்கோளையும் நூல் விவரத்தையும் மூலத்தில் சரிபார்க்காமல் சேர்க்க வேண்டாம், இல்லாத கட்டுரைகளை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

பிப்ரவரி இறுதியில் முழு வரைவு, மார்ச்சில் திருத்தம், ஏப்ரலில் சமர்ப்பிப்பு என்பது நிதானமான வேகம்.

வாய்மொழித் தேர்வு

நெறியாளரும் இரண்டாம் வாசகரும், சில துறைகளில் மூன்றாம் ஒருவரும் அமர்ந்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் பத்து நிமிடம் உங்கள் வாதத்தைச் சுருக்கிச் சொல்லச் சொல்வார்கள். அதைத் தாளைப் பார்க்காமல் சொல்லப் பழகுங்கள், முடிந்தால் தத்துவம் படிக்காத அறைத்தோழரிடம். அவருக்குப் புரியாத இடம்தான் உங்களுக்கும் தெளிவில்லாத இடம்.

கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று சாயலில் வரும். உங்கள் முற்கோள்களில் ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும் என்றால் எதை விடுவீர்கள்? உங்கள் வாதம் செல்லும் என்றால், நீங்கள் விரும்பாத இன்ன முடிவும் சேர்ந்து வராதா? இன்னார் இதைக் கேட்டால் என்ன சொல்வார்? முதல் கேள்விக்கு விடையை முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும், ஏனெனில் "எதையும் விடமாட்டேன்" என்பதைத் தேர்வாளர்கள் பதிலாக ஏற்பதில்லை. இரண்டாவது வரும்போது சற்று நேரம் மௌனமாக இருப்பதில் தவறில்லை, ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஆம், வரும், அதை ஏற்றுக்கொள்ளும் விலை இவ்வளவு" என்று சொல்பவரைத் தேர்வாளர்கள் மதிக்கிறார்கள். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எந்த வழியில் தேடுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படிக்காத நூலைப் படித்ததுபோல் பேசினால், எதிரே அமர்ந்திருப்பவர் அதை இருபது ஆண்டுகளாகப் பாடம் எடுப்பவராக இருக்கக்கூடும்.

தேர்வுக்குப் பிறகு

தேர்வாளர்கள் கேட்ட திருத்தங்களை அவர்கள் சொன்ன கெடுவுக்குள் முடித்து, இறுதிப் பிரதியைத் துறைக்கும், கல்லூரி நூலகத்தின் ஆவணக் களஞ்சியத்துக்கும் அனுப்ப வேண்டியிருக்கும். அதிலிருந்து பின்னால் இதழ்க் கட்டுரை எழுத எண்ணமிருந்தால், சில ஆண்டுகளுக்குப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டாம் என்று நூலகப் படிவத்தில் குறிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விழாவுக்கு இரண்டு வாரத்துக்கு முன், துறை உங்கள் பெயரைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டதா என்று துறைச் செயலரிடம் நேரில் கேளுங்கள். சிறப்பு பட்டச் சான்றிதழில் அச்சாகுமா, மதிப்பெண் பட்டியலில் மட்டும் ஏறுமா என்பதையும் அப்போதே தெரிந்துகொண்டால், பிறகு ஊரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியிராது.